இடம் மாறிய வெள்ளக்கல்

சோபாவுக்கு அடியில் போய்விட்ட செருப்பை எடுக்க எக்கார்ட் நோல்ட்டிங் குனிந்தபோது உலகம் சட்டென்று நின்றுபோனது. சமையலறையில் காபி இறங்கும் களகளப்பு, வானொலியின் போக்குவரத்துச் செய்தி, மனைவி ஹைட்ரூன் அலமாரிக் கதவுகளைச் சண்டைக்கு இழுப்பது போலச் சாத்தும் சத்தம் எல்லாம் போய், காதுக்குள் கனமான ஒரு மௌனம் வந்து உட்கார்ந்துகொண்டது. அதற்கும் அடியில், எங்கோ தொலைவில், கூழாங்கற்கள் ஒன்றோடொன்று உரசி உருளும் மெல்லிய சத்தம். நிமிர்ந்தார். வானொலிக்காரர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். மறுபடி குனிந்தார். கூழாங்கல்.

வயது ஐம்பத்தெட்டு. காதடைப்பு இந்த வயதில் ஒரு பெரிய செய்தி இல்லை. சுவரில் இருந்த கோடுதான் செய்தி.

முழங்கால் உயரத்தில், வெளிர்மஞ்சள் சுவர்க்காகிதத்தின் குறுக்கே, அறையின் நான்கு சுவரையும் சுற்றிக்கொண்டு ஓடியது. கோட்டுக்கு மேலே மஞ்சள். கீழே கொஞ்சம் இருண்ட மஞ்சள். தொட்டால் ஜில்லென்றிருந்தது. எக்கார்ட் முப்பது வருடம் பூகோளம் சொல்லிக்கொடுத்தவர். எதையும் அளக்காமல் நம்ப மாட்டார். ரசமட்டத்தை எடுத்துவந்து வைத்துப் பார்த்தார். குமிழி நடுவில் நின்றது. எந்தக் கொத்தனாரும் இவ்வளவு மட்டமாக ஒரு கோடு போட்டு அவர் பார்த்ததில்லை. தண்ணீர் மட்டும்தான் இப்படிப் போடும்.

"நீ ஜன்னலைத் திறக்கிறதில்ல" என்றாள் ஹைட்ரூன், காபிக் கோப்பையோடு வந்து நின்று. "காலைல பத்து நிமிஷம், சாயங்காலம் பத்து நிமிஷம் நல்லாத் திறந்து வைக்கணும். எத்தன தடவ சொல்லிட்டேன்? ஈரம் பூத்துடுச்சு பாரு."

வீட்டில் எது நடந்தாலும், பூஞ்சையோ தலைவலியோ மணமுறிவோ, காற்றோட்டம் போதவில்லை என்று சொல்லும் தேசம் அது. எக்கார்ட் எல்லா ஜன்னலையும் திறந்தார். நவம்பர்க் குளிர் உள்ளே வந்தது. கீழே தெருவுக்கு அப்பால் வேஸர் ஆறு கிடந்தது. மழை பொய்த்த வருடம்; ஆறு எலும்பும் தோலுமாக இளைத்து, நடுவில் கற்களைக் காட்டிக்கொண்டிருந்தது. கம்பிவடத்தைப் பற்றி அக்கரை போகும் தோணி கரையில் குப்புறக் கிடந்தது. இவ்வளவு வறண்ட ஆற்றுக்கு மாடிவீட்டில் என்ன வேலை என்று யோசித்தவர், வெளிச்சுவரில், ஜன்னலின் மேல்விளிம்புக்குப் பக்கத்தில் பதிந்திருந்த அந்தக் கல்லைப் பார்த்தார். பார்த்ததும் காதுமடல் சுட்டது.

ஓல்டன்வெர்டர் என்ற அந்த ஊரில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டால், எக்கார்ட் எழுதிய துண்டுப்பிரசுரம் பத்துச் சங்கதி சொல்லும். ஆற்றைப் பார்த்தபடி ஒரு பெஞ்சு. எதிர்க்கரையிலிருந்து அந்தப் பெஞ்சைப் பார்த்தபடி இன்னொரு பெஞ்சு. சாய்ந்த கோபுரமுள்ள தேவாலயம், தலையைக் கொஞ்சம் சாய்த்துப் பார்த்தால். சக்கரம் இல்லாத ஒரு தண்ணீர் ஆலை. தண்ணீர் இருந்தால் தோணி. இப்படி இழுத்துக்கட்டி ஒன்பது வரை வந்துவிடலாம். ஆற்றோரச் சைக்கிள் பாதையில் கோடையில் ஆயிரக்கணக்கானவர்கள் வருவார்கள்; குழாயில் தண்ணீர் பிடிப்பார்கள்; "அழகான ஊர்" என்பார்கள்; அடுத்த ஊருக்குப் போய்ச் சாப்பிடுவார்கள். சுற்றுலாச் சங்கத்தின் தலைவர் என்ற முறையில் எக்கார்ட்டுக்கு அந்த "அழகான ஊர்" சவுக்கடி போல இருக்கும்.

பத்தாவது சங்கதிதான் அந்தக் கல். வெள்ளம் வந்து வடிந்தபின் தண்ணீர் எதுவரை நின்றதோ அந்த உயரத்தில் சுவரில் ஒரு கல்லைப் பதித்து வருடத்தைச் செதுக்கிவைப்பது ஆற்றங்கரைக்காரர்களின் வழக்கம். எக்கார்ட்டும் ஹைட்ரூனும் குடியிருந்த பழைய தோணிக்காரன் வீட்டிலும் ஒரு கல் இருந்தது: 1738, கீழே ஒரு அலைக்கோடு. தெருவிலிருந்து முழங்கால் உயரத்தில், சுவரைவிட்டுத் துருத்திக்கொண்டு. ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் பள்ளிக்கூடம் போகும் வழியில் அதன்மேல் ஏறி நின்று வளர்ந்தவர்கள்தான்.

முழங்கால் வெள்ளத்துக்கு யார் சைக்கிளை நிறுத்துவார்கள்?

நான்கு கோடைக்கு முன்னால் முகப்புக்குப் புதுப்பூச்சு பூசினார்கள். எக்கார்ட் கொத்தனார் போடோவைக் கூப்பிட்டு அந்தக் கல்லைப் பெயர்த்து, மாடி ஜன்னலின் தலைமாட்டில் பதிக்கச் சொன்னார். போடோ ஏணிமேல் நின்று ஆற்றையும் கல்லையும் மாறிமாறிப் பார்த்தான்.

"வாத்தியாரே, தண்ணி இவ்ளோ வந்திருந்தா ஊரே மிஞ்சியிருக்காதே. கோயில் கோபுரத்து உச்சிச் சேவல்பொம்ம மட்டும்தான் மேல நின்னு கூவியிருக்கும்."

"பழைய இடம் தப்பு, போடோ. நான் ஆராய்ச்சி பண்ணியிருக்கேன்."

"ஆராய்ச்சின்னா சரி" என்று போடோ கலவையை அப்பினான்.

கல் ஏறியபின் ஆட்கள் சாகாமல் இருக்க முடியாது. அந்தத் தர்க்கத்துக்குக் கட்டுப்பட்டு எக்கார்ட் ஒரு தோணிக்காரன் மனைவியைக் கண்டெடுத்தார். இல்ஸபைன் என்று ஒருத்தி உண்மையிலேயே அந்த வீட்டில் இருந்தாள். உண்மையான வெள்ளத்தில் அவள் பசுமாட்டை மாடிப்படியில் தள்ளி ஏற்றிவிட்டு, பிள்ளைகளுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்து, வெள்ளம் வடிந்ததும் வீட்டைக் கழுவிவிட்டு, எண்பது தாண்டி வாழ்ந்து செத்தாள். "வாயாடி" என்று அந்தக் காலத்துப் பாதிரியார் தேவாலயப் பதிவேட்டில் ஒரு வார்த்தை குறித்துவைத்திருந்தார். எக்கார்ட் அதைப் படித்துச் சிரித்தவர். சிரித்துவிட்டு, அவளை மூழ்கடித்தார்.

முதல் கோடையில் அவளுக்கு இரண்டு பிள்ளைகள்: யோஸ்ட், மார்கிரெட். சனிக்கிழமை மதியங்களில் எக்கார்ட் தோணிக்காரனின் அகலத் தொப்பியும் கனத்த கம்பளிக் கோட்டும் மாட்டிக்கொண்டு, சைக்கிள்காரர்களை மாடிக்கு அழைத்துவந்து, ஹைட்ரூனின் கம்பளத்தின் மேல் நிறுத்திவைத்துக் கதை சொன்னார். இதே அறை. இதே ஜன்னல். தாய் மரக்கரண்டியால் கண்ணாடியைத் தட்டினாள். எதிர்வீட்டுக்காரர்கள் ஆற்றுப் பனிக்கட்டி மோதுகிறது என்று நினைத்துப் படுத்துக்கொண்டார்கள். அந்த மரக்கரண்டியில் எக்கார்ட்டுக்குத் தனிப் பெருமை. இரண்டாவது வருடம் ஒரு பிள்ளை கூடியது. அடுத்த வருடம் இன்னொன்று, அதற்கு இரட்டையாக. போன மே மாதம், சோர்ந்த முகங்களோடு ஒரு பேருந்துக் கூட்டம் வந்து கொட்டாவி விட்டதும், தொட்டிலில் ஒரு கைக்குழந்தையும் வந்து சேர்ந்தது. அன்றைக்கு அவருக்குச் சட்டென்று பெயர் தோன்றவில்லை. "பெயர் வைக்கும் முன்பே" என்று சொல்லிச் சமாளித்தார். அதற்குத்தான் அதிகம் பேர் அழுதார்கள்.

ஊர் என்ன சொன்னது? ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் கல்லில் ஏறி நின்றவர்கள் எல்லோரும் நிமிர்ந்து பார்த்து, "ஆமாம், அங்கேதான் இருந்தது" என்ற முகத்தோடு நடந்தார்கள். ரொட்டிக்கடை கைகோத்த பிள்ளைகளின் உருவத்தில் பிஸ்கட் போட்டது. பிள்ளைகள் கூடக்கூட அச்சையும் மாற்றியது. வந்தவர்கள் தலைப்பக்கமாகக் கடித்துக்கொண்டு நடந்தார்கள்.

ஹைட்ரூன் மட்டும் ஒரு தடவை கேட்டாள். "எல்லாம் சரி, அந்தப் புருஷன்காரன் எங்க? பொண்டாட்டி புள்ள முழுகறப்ப பீர் குடிக்கப் போயிட்டானா?"

"அத இன்னும் முடிவு பண்ணல" என்றார் எக்கார்ட்.

மறுநாள் கோடு சோபாவின் கைப்பிடிக்கு ஏறியிருந்தது.

அதற்கு அடுத்த காலையில் மேஜைவிளிம்பைத் தொட்டது. சோபா நனையவில்லை, கம்பளம் நனையவில்லை. ஆனால் ஜன்னல் எல்லாம் சாத்தியிருக்க, திரைச்சீலையின் கீழ்ப்பாதி மட்டும் ஒரே பக்கமாக, வடக்கே, ஆறு ஓடும் திசையில், சோம்பலாக ஆடிக்கொண்டிருந்தது. மேல்பாதி அசையவே இல்லை. காபியின் ஆவி கோட்டுக்குக் கீழே எழும்பாமல் கோப்பையிலேயே சுருண்டு கிடந்தது. நாற்காலியில் உட்கார்ந்தால் காது அடைத்தது, எழுந்தால் திறந்தது. அவர் நின்றபடியே சாப்பிட ஆரம்பித்தார். அறை முழுக்க ஒரு வாசனை: களிமண், அழுகின பாசி, அதோடு எப்படியோ கலந்த கஞ்சி வாசனை.

வெள்ளிக்கிழமை மதியம் போடோ வந்தான். சுவரில் உள்ளங்கையை வைத்தான். விரலை நக்கிப் பார்த்தான்.

"ஆறு" என்றான்.

"குழாய் எங்கயாவது கசியுதா பாரு."

"குழாய்த் தண்ணில மண்ணு ருசிக்காது வாத்தியாரே. கோடு எங்க போகுதுன்னு எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்." ஜன்னல் வழியாகக் கல்லைக் கண்ணால் காட்டினான். "ஏணி வண்டிலதான் இருக்கு. ஒரு மணி நேரம். எறக்கி, பழைய எடத்துலயே வெச்சிடறேன். யாரும் கேக்க மாட்டாங்க. ஏத்துனப்பவே கேக்கலையே."

எக்கார்ட்டின் நாக்கு "சரி" என்று சொல்லத் தயாராகத்தான் இருந்தது. ஆனால் நாளைக்கு மதியம் நடுவர் குழு வருகிறது. மாநிலத்தின் ஆற்றங்கரை ஊர்களுக்கான போட்டி. ஜெயிக்கிற ஊருக்கு நெடுஞ்சாலையில், பார்க்கவேண்டிய இடம் என்று காட்டும் பழுப்புப் பலகை. வெள்ளைக் கோட்டில் வீடு, அலை, ஜன்னலில் ஒரு தாயும் பிள்ளைகளும், கீழே 'ஓல்டன்வெர்டர்'. பலகையின் படத்தைக்கூட அவர் வரைந்துவைத்துவிட்டார். மணிக்கு நூற்றைம்பது கிலோமீட்டர் வேகத்தில் போகிறவன்கூட அதைப் பார்த்தே தீர வேண்டும்.

"ஞாயித்துக்கிழம எறக்கலாம்" என்றார்.

போடோ கையைத் துடைத்துக்கொண்டான். "நாலாம் வகுப்புல நான் வீட்டுப்பாடத்துக்காக ஒரு பொய் சொன்னேன். ஞாபகம் இருக்கா? வகுப்பு முன்னாடி நிக்க வெச்சு, 'நான் சொன்னது பொய்'னு உரக்கச் சொல்ல வெச்சீங்க. சத்தம் பத்தலன்னு மூணு தரம்."

"நல்லதுக்குத்தானே செஞ்சேன்."

"அதத்தான் நானும் சொல்றேன் வாத்தியாரே. சொல்லிட்டா மனசு ரொம்ப லேசாயிடும்."

போய்விட்டான். எக்கார்ட் ஜன்னலோரம் நின்றார். முகம் எரிந்தது. ஒன்பது வயசுப் பையனின் நடுங்கிய மோவாய் நினைவுக்கு வந்தது. அன்று அதைப் பார்த்து அவர் திருப்திப்பட்டதும் நினைவுக்கு வந்தது.

அப்போதுதான் முதல்முறை தட்டும் சத்தம் கேட்டது.

டொக். டொக். டொக். கண்ணாடிமேல் மரம் படும் சத்தம். அவசரமில்லாத, பொறுமையான தட்டு. படுக்கையறை ஜன்னலிலிருந்து. போய்ப் பார்த்தார். யாரும் இல்லை. இப்போது சத்தம் கூடத்திலிருந்து வந்தது. அவர் கண்டுபிடித்த கரண்டி. அதன் சத்தத்தை அவர் ஒருபோதும் கற்பனை செய்திருக்கவில்லை, வார்த்தையோடு நிறுத்திக்கொண்டிருந்தார். கேட்டவுடன் அடையாளம் தெரிந்தது.

ஹைட்ரூன் கடையிலிருந்து வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல், ஜன்னல் கண்ணாடியைப் பார்த்தபடி நின்றுவிட்டாள். சின்னச் சின்னக் கைத்தடங்கள். ஈரமானவை. அடுக்கடுக்காக, உயரம் குறைந்துகொண்டே போய், கடைசியில் ஒன்று, ஒரு நாணயம் அளவுக்கு.

அவள் துணி எடுத்தாள். வெளிப்பக்கம் என்று நினைத்து ஜன்னலைத் திறந்து வெளியே துடைத்தாள். பிறகு மூடிவிட்டு உள்ளே துடைத்தாள். தடம் துணியோடு வந்தது. கை நின்றது.

"உள்பக்கம்" என்றாள்.

"ஹைட்ரூன்..."

"வாயத் திறக்காத. ஜன்னல் திறக்கலன்னு உன்ன ஏசிட்டிருந்தேன் பாரு, நான் ஒரு முட்டாள்." அவள் குரல் இறங்கியது. "நானும் பேசாமத்தானே இருந்தேன். வர்றவங்களுக்குக் காபி போட்டுக் குடுத்தேன். அந்த பிஸ்கட்ட நானும் தின்னேன் எக்கார்ட். அந்தப் பொம்பள எண்பது வயசுவர சந்தோஷமா இருந்துட்டுப் போனவ. நாலு வருஷமா வாராவாரம் அவள இங்க முக்கிக்கிட்டிருக்க."

பெட்டியில் துணி எடுத்து வைத்தாள். தங்கை வீட்டுக்குப் போகும் பேருந்து நான்கரைக்கு. வாசலில் திரும்பினாள்.

"நாளைக்குச் சொல்லிடு. எல்லார் முன்னாடியும். பொய்னு ஒரு வார்த்த. சொல்லிட்டு ஃபோன் பண்ணு, வந்து கூட்டிட்டுப் போறேன்."

"சொல்றேன்" என்றார் எக்கார்ட். அந்த நிமிஷம் நிஜமாகவே அப்படித்தான் நினைத்தார்.

சனிக்கிழமை கோடு அவர் மோவாய்க்கு வந்துவிட்டது.

கண்ணாடி முன் நின்று தொப்பியை மாட்டினார். கம்பளிக் கோட்டின் கனம் தோளை அழுத்தியது. கழுத்துக்குக் கீழே எல்லாம் மெதுவாக நடந்தது: கையைத் தூக்கினால் தாமதமாக எழும்பியது, பொத்தான் போட நேரம் பிடித்தது, கோட்டின் கீழ்நுனி வடக்கே மிதந்தது. சொல்லிவிட வேண்டும். மாடிக்கு ஏறியதும், முதல் வாக்கியத்திலேயே. 'மதிப்புக்குரியவர்களே, இந்தக் கல் முழங்கால் உயரத்தில் இருந்தது.' ஒத்திகை பார்த்தார். சத்தம் பத்தவில்லை. மறுபடி பார்த்தார்.

மூன்று மணிக்கே நவம்பர் வெளிச்சம் தேய ஆரம்பித்திருந்தது. நடுவர்கள் மூன்று பேர். தலைவர் டாக்டர் ப்ரெட்டோரியஸ், எந்தச் சுவரைக் கண்டாலும் இரண்டு அடி பின்வாங்கி "ம்ம்ம்" என்கிறவர். கூட மேயரம்மா ஸில்கே, ரொட்டிக்கடைக்காரர், இன்னும் நாலைந்து ஊர்க்காரர்கள். பெஞ்சைப் பார்த்தார்கள். எதிர்ப் பெஞ்சைப் பார்த்தார்கள். தலையைச் சாய்த்துக் கோபுரத்தைப் பார்த்தார்கள். டாக்டரின் உதவியாளர் ஒருத்தி கொட்டாவியைக் கையால் மறைத்ததை மேயரம்மா கவனித்துவிட்டார்.

மாடிப்படியில் ஏறும்போது எக்கார்ட்டின் முழங்கையைப் பிடித்தார். "உங்கள நம்பித்தான் இருக்கேன் நோல்ட்டிங். இதுவர பாத்தது எதுவும் எடுபடல. நல்லா அழ வைங்க."

எல்லோரும் கம்பளத்தின் மேல் அரைவட்டமாக நின்றார்கள். கோட்டுக்குக் கீழே அவர்களுடைய மேலங்கி நுனிகளும் கழுத்துத்துணிகளும் மெல்ல ஆடின. ஒருவருக்கும் அது தெரியவில்லை. எக்கார்ட் வாயைத் திறந்தார்.

"மதிப்புக்குரியவர்களே. இந்தக் கல்..."

பின்னால், கணப்படுப்புச் சுவரோரம், தாமதமாக வந்தவர்கள் நின்றிருந்தார்கள். ஒரு பெண். தலைமுடி நெற்றியில் ஒட்டியிருந்தது. இடுப்பில் ஒரு துணிமூட்டை. பக்கத்தில் பிள்ளைகள், உயரவாரியாக, கைகோத்துக்கொண்டு. நான்கு. மூட்டையோடு ஐந்து.

அவள் கையில் கரண்டி.

கோபம் எதுவும் அவள் முகத்தில் இல்லை. வாயாடி என்று பாதிரியார் எழுதிய முகம். பேச வாயெடுத்து, பேச முடியாமல் உதடு மட்டும் அசையும் முகம். அசையும்போதெல்லாம் உதட்டிலிருந்து ஒரு குமிழி கிளம்பி, மெல்ல ஏறி, கோட்டைத் தொட்டு உடைந்தது. அவள் அவரைப் பார்த்தாள். கடைக்காரரிடம் தன் முறைக்காகக் காத்திருக்கும் பெண்ணைப் போல. சொல்லு. சொல்லிவிடு, நாங்கள் போகிறோம்.

"இந்தக் கல்" என்றார் மறுபடி. டாக்டர் ப்ரெட்டோரியஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். உதவியாளரின் கை மறுபடி வாய்க்குப் போனது. மேயரம்மாவின் புருவம் ஏறியது. அத்தனை முகமும் அவர்மேல். ஒன்பது வயசுப் பையன் எப்படிச் சொன்னான்? எப்படித் தாங்கினான்?

"இந்தக் கல்," என்றார், குரல் தானாகவே இறங்கி நடுங்கியது, நான்கு வருடப் பழக்கம், "ஒரு தாயின் கண்ணீரால் ஆனது."

சொன்னார். முழுக்கச் சொன்னார். ஐயோ, இவ்வளவு நன்றாக அவர் ஒருநாளும் சொன்னதில்லை. யோஸ்ட், மார்கிரெட், இரட்டையர்கள், தொட்டில். பெயர் சொல்லச்சொல்ல ஒவ்வொரு பிள்ளையும் கூப்பிட்டதும் எழுந்து நிற்கும் மாணவனைப் போலத் தலையைத் தூக்கியது. பெயர் வைக்கும் முன்பே, என்றபோது மூட்டை லேசாக நெளிந்தது. உதவியாளரின் கண் நிறைந்தது. அவமானம் வயிற்றிலிருந்து கழுத்துவரை ஏறியது; கூடவே, அந்த அவமானத்துக்கு மேலே எண்ணெய் போல மிதந்துகொண்டு, அதே பழைய சந்தோஷம். கேட்கிறார்கள். எல்லோரும் கேட்கிறார்கள்.

டாக்டர் ப்ரெட்டோரியஸ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உருக்கமான சரித்திரம். உண்மையிலேயே. ஒரே ஒரு சந்தேகம், நோல்ட்டிங். தோணிக்காரர் எங்கே இருந்தார்?"

கோடு அவர் கீழுதட்டைத் தொட்டது.

இதுதான் கதவு என்று அவருக்குத் தெரிந்தது. 'எனக்குத் தெரியாது, ஏனென்றால் இது நான் கட்டினது.' ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். அடுப்போரம் இல்ஸபைன் கழுத்தை நீட்டினாள். பிள்ளைகள் நான்கும் அவரையே பார்த்தன. மேயரம்மா முணுமுணுத்தார்: "சொல்லுங்க, சொல்லுங்க."

"அவரும் இங்கேதான் இருந்தார்" என்றார் எக்கார்ட். "தோணி இருந்தது. தப்பித்திருக்கலாம். போகவில்லை. இந்த ஜன்னலில், நான் நிற்கிற இதே இடத்தில், பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு, கடைசிவரை நின்றார்."

யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். "பலகை நமக்குத்தான்" என்று ரொட்டிக்கடைக்காரர் காதோடு சொன்னது கேட்டது. அதுதான் அவர் தெளிவாகக் கேட்ட கடைசி வார்த்தை.

இல்ஸபைன் ஒரு பெருமூச்சைப் போல ஒரு பெரிய குமிழியை விட்டுவிட்டு, ஒரு அடி நகர்ந்து, தன் பக்கத்தில் இடம் விட்டாள்.

கீழே காபியும் பிஸ்கட்டும் இருப்பதாக மேயரம்மா சைகை காட்டினார். எல்லோரும் திரும்பினார்கள். வாய்கள் அசைந்தன, சத்தம் இல்லை. டாக்டர் அவர் தோளைத் தட்டினார். தட்டியது தொலைவில் எங்கோ பட்டது. ஒவ்வொருவராகப் படியில் இறங்கினார்கள். அவரும் போகக் கால் எடுத்தார்.

கால் வரவில்லை.

கம்பளிக் கோட்டின் கனம். தொப்பியின் கனம். கூழாங்கல் சத்தம். அருகில். மிக அருகில். திரைச்சீலை மொத்தமும் இப்போது வடக்கே. மேல்பாதியும். ஹைட்ரூனின் கம்பளம் தரையிலிருந்து ஒரு விரற்கடை எழும்பி மிதந்தது.

வலதுகைக்குள் ஒரு சின்னக் கை வந்து நுழைந்தது. மீன்குஞ்சு போலக் குளிர்ந்தது. இடதுகைக்குள் இன்னொன்று.

நான் சொன்னது பொய்.

சொன்னார். உரக்கச் சொன்னார். குமிழி. மறுபடி சொன்னார். சத்தம் பத்தவில்லை. மூன்றாவது தரம் சொன்னபோது தண்ணீர் பல்லைத் தாண்டி உள்ளே வந்தது. களிமண் ருசி. கஞ்சி ருசி.

யாரோ அவர் மார்பில் மூட்டையை வைத்தார்கள். தாங்கிக்கொண்டார். வேறென்ன செய்வது. அதன் முகத்தைப் பார்க்க வேண்டாம் என்று நினைத்தார். பார்த்தார். கண் மூக்கு எதுவும் இல்லை. அவர்தான் எதுவும் சொல்லவில்லையே.

டொக். டொக். டொக்.

கண்ணாடிக்கு அப்பால், கீழே தெருவில், பாலாடை போன்ற மங்கிய வெளிச்சத்தில், அவர்கள் நின்றிருந்தார்கள். கையில் பிஸ்கட். யாரோ ஒருவர் மேலே காட்டினார். எல்லோரும் நிமிர்ந்தார்கள். விளிம்புவரை பச்சைத் தண்ணீர் நிறைந்த ஜன்னல். அதற்குள் தோணிக்காரன், மனைவி, வரிசையாகப் பிள்ளைகள். தொப்பி மெல்லத் தலையைவிட்டு எழும்பிக்கொண்டிருந்தது. டாக்டர் ப்ரெட்டோரியஸ் இரண்டு அடி பின்வாங்கினார். உதவியாளர் கைப்பேசியைத் தூக்கினாள்.

எக்கார்ட் நெற்றியால் கண்ணாடியை முட்டினார். வாயை அகலத் திறந்தார்.

கீழே, பிஸ்கட்டைப் பல்லில் கவ்விக்கொண்டு, எல்லோரும் கைதட்டினார்கள்.